கம்பெனி வரி யாருடைய குரலுக்கு வளைகிறது?

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. கோவாவில் ஜிஎஸ்டி கவுன்சிலின் 37ஆவது கூட்டம். பிஸ்கட்டுக்கு எத்தனை சதவீதம், ஓட்டல் அறைக்கு எத்தனை சதவீதம் என்று வாதாட மாநில நிதியமைச்சர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் செய்தியாளர்களை அழைத்து வேறொரு வரியைப் பற்றி அறிவித்தார். சலுகைகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகும். அக்டோபர் 1 முதல் தொடங்கப்படும் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 மட்டுமே. வரிமேல் வரியான செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்தால் பெரிய கம்பெனிகள் அதுவரை கிட்டத்தட்ட 35 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தன, இனி 25.17. அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்பதையும் அமைச்சரே சொன்னார். சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 1,921 புள்ளிகள் ஏறியது.

பட்ஜெட் போட்டு இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. அவசரச் சட்டமாகவே இது வந்தது. அவ்வளவு பெரிய தொகையை விட்டுக்கொடுக்கும் முடிவை ஜூலையில் எடுக்காமல் செப்டம்பரில் ஏன் எடுத்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால், இந்தியாவில் கம்பெனி வரி எப்படித் தீர்மானமாகிறது என்பது கொஞ்சம் புலப்படும். நான் புரிந்துகொண்ட வரையில், எந்தப் பக்கம் போவது என்பதை முடிவு செய்வது பணத்தின் நெருக்கடி. ஓட்டின் நெருக்கடி அந்தப் பயணம் என்ன வேடத்தில், எந்த வேகத்தில், எந்த நேரத்தில் நடக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. இரண்டும் மோதிக்கொள்ளும் இடங்களில்தான் சுவாரசியமான சட்டப்பிரிவுகள் பிறக்கின்றன.

2015 பிப்ரவரி பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி வெளிப்படையாகவே ஒரு வாக்குறுதி கொடுத்தார்: நான்கு ஆண்டுகளில் கம்பெனி வரியை 30லிருந்து 25 சதவீதமாக இறக்குவோம், சலுகைகளையும் படிப்படியாக நீக்குவோம். அதே பட்ஜெட்டில் செல்வ வரியும் ஒழிக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பெரும் பணக்காரர்கள் மீது 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ். ஒரு மாதம் முன்புதான், ஒபாமா வந்தபோது பிரதமர் தன் பெயரே கோடுகளாக நெய்யப்பட்ட கோட்டை அணிந்து படத்தில் நின்றிருந்தார். ஏப்ரல் 20 அன்று மக்களவையில் ராகுல் காந்தி ‘சூட்-பூட் சர்க்கார்’ என்றார். அவர் அன்று பேசியது விவசாயிகளையும் நிலத்தையும் பற்றி. கம்பெனி வரியைப் பற்றி அல்ல. ஆனால் அந்த இரண்டு சொற்கள் எல்லாவற்றின் மீதும் ஒட்டிக்கொண்டன. நிலம் கையகப்படுத்தும் சட்டத்திருத்தத்தை அரசு அந்த ஆகஸ்டிலேயே கைவிட்டது.

ஜேட்லியின் வரிக்குறைப்பு கைவிடப்படவில்லை. சின்னவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டது. 2016இல் விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ள கம்பெனிகளுக்கு 29 சதவீதம். 2017இல் 50 கோடி வரை 25 சதவீதம். 96 சதவீதக் கம்பெனிகள் இதில் அடங்கிவிடும் என்றார்கள். 2018இல் வரம்பு 250 கோடி ஆனது, 99 சதவீதம் அடங்கின. 2019 ஜூலையில் 400 கோடி, 99.3 சதவீதம். ‘99.3 சதவீதக் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்துவிட்டோம்’ என்று மேடையில் சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் கம்பெனி வரியின் பெரும்பகுதியைக் கட்டுவது மிச்சமுள்ள அந்த 0.7 சதவீதம்தான். நான்கு ஆண்டுகளாக அவர்களைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இல்லை.

2019 ஜூலை பட்ஜெட்டில் எதிர்த்திசையில்கூட ஓர் அடி வைத்தார்கள். ஆண்டு வருமானம் 2 கோடியைத் தாண்டினால் 25 சதவீத சர்சார்ஜ், 5 கோடியைத் தாண்டினால் 37. கம்பெனியாக இல்லாமல் டிரஸ்டாகப் பதிவு செய்துகொண்ட அந்நிய முதலீட்டு நிதிகளும் இந்த வலையில் சிக்கின. அவர்கள் ஊர்வலம் போகவில்லை. விற்றார்கள். ஏழு வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, பங்கு விற்பனை லாபத்துக்கு அந்தக் கூடுதல் சர்சார்ஜ் கிடையாது என்று அரசு பின்வாங்கியது. ஏழு வாரத்தில் ஒரு பட்ஜெட் முடிவைத் திருப்பும் ஆற்றல் நாட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதற்குள் மற்ற சேதிகளும் வந்துகொண்டிருந்தன. ஏப்ரல்-ஜூன் காலாண்டு வளர்ச்சி 5 சதவீதம், ஆறு ஆண்டுகளில் இல்லாத சரிவு. ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலையில் செப்டம்பரில் 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. வெளியே, அமெரிக்கா தன் கம்பெனி வரியை 35லிருந்து 21ஆக இறக்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வர்த்தகப் போரால் சீனாவைவிட்டுக் கிளம்ப நினைத்த ஆலைகள் 20 சதவீத வரி உள்ள வியட்நாமைப் பார்த்துக்கொண்டிருந்தன. தேர்தல் முடிந்து 303 இடங்களோடு ஆட்சி உறுதியாக இருந்தது. ‘சூட்-பூட்’ பயம் மிகக் குறைவாக இருந்த நேரமும் பணத்தின் நெருக்கடி மிக அதிகமாக இருந்த நேரமும் ஒன்றாகச் சேர்ந்தபோது அந்த 0.7 சதவீதத்தின் முறை வந்தது. அறிவிப்புக்கு இரண்டு நாள் கழித்து, அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிரம்பும் கலந்துகொண்ட ‘ஹௌடி மோடி’ கூட்டம். தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இன்னொரு வேடிக்கை கோவாவிலேயே நடந்தது. ஜிஎஸ்டியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் வரியை மாற்ற மாநிலங்களின் ஓட்டு வேண்டும். கம்பெனி வரிக்கு வேண்டாம். ஆனால் அந்த வருவாயில் அப்போது 42 சதவீதம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டிய பணம். 1.45 லட்சம் கோடி போனால், மாநிலங்களின் பங்கில் கிட்டத்தட்ட 60,000 கோடி போகிறது. 14ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 4.023 சதவீதத்தை அதில் போட்டால் சுமார் 2,400 கோடி. காகிதக் கணக்குதான், பொருளாதாரம் நிமிர்ந்தால் ஈடாகிவிடும் என்று வாதிடலாம். ஆனால் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை விகிதம் குறைந்தது. பங்கிட வேண்டியில்லாத சர்சார்ஜ் 10 சதவீதமும் செஸ் 4 சதவீதமும் நின்றன. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த மாநில அமைச்சர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பணத்தின் நெருக்கடி எப்போதும் இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. ஒன்பது ஆண்டு இழுத்த கதையும் உண்டு.

2007இல் வோடஃபோன், ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் 67 சதவீதப் பங்கை சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. கைமாறியது கேமன் தீவில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. ஆனால் அந்தப் பங்கின் மதிப்பு முழுக்க மும்பையிலும் சென்னையிலும் சிம் கார்டு வைத்திருந்தவர்களிடமிருந்து வந்தது. லாபம் பார்த்தது ஹாங்காங்கின் ஹட்சிசன். ஆனால் பணம் கொடுக்கும்போது நீ டிடிஎஸ் (கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி) பிடித்திருக்க வேண்டாமா என்று வருமான வரித்துறை வோடஃபோனைப் பிடித்தது. கேட்ட தொகை சுமார் 11,000 கோடி ரூபாய். 2012 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் வோடஃபோன் பக்கம் தீர்ப்பளித்தது: இருக்கிற சட்டம் அவ்வளவு தூரம் எட்டாது.

எட்டாவிட்டால் எட்ட வைப்போம் என்றார் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. அந்த மார்ச் பட்ஜெட்டில் ஒரு ‘விளக்கம்’ சேர்த்தார். சட்டத்துக்கு 1962 ஏப்ரல் 1லிருந்தே இதுதான் பொருளாம். ஐம்பது ஆண்டு முன்தேதியிட்ட விளக்கம்! அன்றைய சூழலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2ஜி ஊழல் புகார், அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் எல்லாம் சூடு ஆறாத காலம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வரி கட்டாமல் தப்புகிறது என்றால் அதற்காகப் பரிந்து பேச எந்தக் கட்சியும் முன்வராது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் நாடுகளின் வணிக அமைப்புகள் கூட்டாக மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதின. பிரிட்டன் நிதியமைச்சர் டெல்லிக்கே வந்து இந்தப் பேச்சை எடுத்தார். சட்டம் நிறைவேறியது.

இந்த முன்தேதித் திருத்தம் வோடஃபோனோடு நிற்கவில்லை. மென்பொருளுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பும் பணமும் ராயல்டிதான், 1976லிருந்தே அப்படித்தான் என்று இன்னொரு ‘விளக்கம்’ அதே சட்டத்தில் இருந்தது. 2013 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைக்குள் வருமான வரித்துறை நுழைந்தது. செல்பேசியில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகையில் டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. கேட்டது 2,000 கோடிக்கு மேல். மாநில அரசும் தன் பங்குக்கு வாட் வரி பாக்கி என்று 2,400 கோடிக்கு நோட்டீஸ் விட்டது. சொத்துகள் முடக்கப்பட்டன. அதனால் நோக்கியாவின் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2014 நவம்பர் 1இல் ஆலை மூடப்பட்டது.

வரிதான் ஆலையைக் கொன்றது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் முன்னால் நோக்கியா ஏற்கனவே தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே நிரந்தரமாகவும் பயிற்சியிலும் இருந்த சுமார் 8,000 பேரில் பெரும்பாலானோர், கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோன இளம்பெண்கள் உட்பட, விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், முதலமைச்சருக்கும் பிரதமருக்கும் மனு கொடுத்தார்கள். வரிச் சட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட நகரவில்லை. ஆனால் அதன் பிறகு கம்பெனி வரியைப் பற்றி நடந்த ஒவ்வொரு தொழிலதிபர் கூட்டத்திலும் ‘நோக்கியாவைப் பாருங்கள்’ என்ற வாதம் வந்தது. வேலை போனவர்களின் குரல் எடுபடவில்லை, வேலை போன செய்தி நன்றாகவே எடுபட்டது. நோக்கியா வழக்கு 2018இல் இரு நாட்டு அரசுகளின் பேச்சில், 20 கோடி யூரோ அளவுக்குக் கட்டி முடிந்தது.

‘வரிப் பயங்கரவாதம்’ என்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து முழங்கிய பாஜக 2014இல் ஆட்சிக்கு வந்தது. முன்தேதிச் சட்டத்தை நீக்கியிருக்க வேண்டுமே? இல்லை. இனிமேல் புதிதாக இப்படிச் செய்ய மாட்டோம் என்று பட்ஜெட் உரையில் உறுதி சொன்னார்கள். பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான கெய்ர்ன் எனர்ஜிக்கு 10,247 கோடி ரூபாய் கேட்கும் உத்தரவு 2015இல், இவர்கள் காலத்தில்தான் போனது. அதன் பங்குகளை வரித்துறை பறிமுதல் செய்து விற்கவும் செய்தது. நீக்கினால் ‘வோடஃபோனுக்கு 11,000 கோடி தானம்’ என்று மறுநாள் தலைப்பு வரும். ஏழு ஆண்டு அந்தத் தலைப்புக்குப் பயந்தார்கள் என்பதே என் கணிப்பு.

பிறகு பாரிஸ் வந்தது. 2020 செப்டம்பரில் வோடஃபோனும் டிசம்பரில் கெய்ர்னும் சர்வதேச நடுவர் தீர்ப்பாயங்களில் வென்றன. கெய்ர்னுக்கு 120 கோடி டாலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னது தீர்ப்பு. அரசு மேல்முறையீடு என்றது. கெய்ர்ன் காத்திருக்கவில்லை, நியூயார்க்கில் ஏர் இந்தியா மீது வழக்கு போட்டது. 2021 ஜூலையில், பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் இருபது சொத்துகளை முடக்கப் பிரெஞ்சு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிவிட்டது என்ற செய்தி வந்தது. கடன்காரன் வாசலில் வந்து நிற்கும் அவமானம் எந்தக் குடும்பத்துக்கும் பொறுக்காது. ஆகஸ்ட் 5 அன்று முன்தேதி வரியை நீக்கும் மசோதா மக்களவையில் அறிமுகமாகி, மறுநாள் நிறைவேறி, 9ஆம் தேதி மாநிலங்களவையையும் தாண்டியது. பெகாசஸ் உளவு மென்பொருள் விவகார அமளியில் விவாதம் என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வசூலித்த சுமார் 8,100 கோடி ரூபாயை வட்டியில்லாமல் திருப்பித் தருவோம், நீங்கள் எல்லா வழக்குகளையும் வாபஸ் வாங்குங்கள் என்பது நிபந்தனை. ‘வட்டியில்லாமல்’ என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். உள்ளூர்ப் பார்வையாளர்களுக்காக வைத்த சொல் அது.

வேறொரு நாட்டு அரசாங்கமே நெருக்கினால் கதை இன்னும் சுருக்கம். கூகுளும் ஃபேஸ்புக்கும் இங்கே விளம்பரத்தில் சம்பாதித்துவிட்டு வரியை வேறு நாட்டில் கணக்குக் காட்டுகின்றன என்ற புகாருக்குப் பதிலாக 2016இல் 6 சதவீத ‘கூகுள் வரி’ வந்தது. 2020இல் வெளிநாட்டு இணைய வணிகத்துக்கு 2 சதவீதம். உள்நாட்டில் எதிர்த்தவர் குறைவு, கைதட்டியவர் அதிகம். அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் விசாரணை நடத்தி, இது பாரபட்சம், பதிலுக்குச் சுங்கவரி போடுவோம் என்றது. 2 சதவீதம் 2024 ஆகஸ்டில் போனது. டிரம்ப் ‘பதிலடி’ வரி அறிவிக்கக் குறித்திருந்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு, 6 சதவீதத்தையும் 2025 ஏப்ரல் 1லிருந்து நீக்கும் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. மக்கள் ஆதரவு இருந்த வரி. ஆனால் அதைக் காப்பாற்ற யாரும் தெருவுக்கு வரப் போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

அப்படியானால் சாதாரண மனிதரின் குரலுக்கு எடையே இல்லையா? இருக்கிறது. ஆனால் எதற்காகக் குரல் எழுந்ததோ அதற்கான பதில் வருவதில்லை.

2018-19இல் கம்பெனி வரி வசூல் 6.63 லட்சம் கோடி; தனிநபர் வருமான வரி 4.73 லட்சம் கோடி. 2023-24இல் கம்பெனி வரி 9.11, தனிநபர் வரி 10.45. வரிசை மாறிவிட்டது. இதற்கிடையே, வரிக்குறைப்பால் மிச்சமான பணத்தில் கம்பெனிகள் என்ன செய்தன? புதிய ஆலை கட்டுவதைவிடக் கடனை அடைக்கவும் கையிருப்பைப் பெருக்கவும்தான் பயன்பட்டது என்று ரிசர்வ் வங்கியின் 2019-20 ஆண்டறிக்கையே எழுதியது. கொரோனா வேறு குறுக்கிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2020க்கும் 2023க்கும் இடையே கம்பெனிகளின் வரிக்கு முந்தைய லாபம் கிட்டத்தட்ட நான்கு மடங்கானது, ஆளெடுப்பும் சம்பளமும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை என்று அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே 2024 ஜூலையில் குறைபட்டுக்கொண்டது.

இந்தக் கோபம் மீம்களாக வெடித்தது. டிடிஎஸ் போன பிறகுதான் சம்பளத்தைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. 2024 மே மாதம் மும்பைப் பங்குச் சந்தைக் கூட்டமொன்றில் தரகர் ஒருவர் எழுந்து, என் தொழிலில் அரசுதான் உழைக்காத பங்காளி, நான் வருமானம் இல்லாமல் உழைக்கும் பங்காளி என்ற பொருளில் நிதியமைச்சரிடமே கேட்டார். சிரிப்பலை எழுந்தது, காணொளி ஊரெல்லாம் சுற்றியது. தேர்தலில் பாஜக 240இல் நின்றது. ஜூலை பட்ஜெட்டில் வீடு, மனை விற்பனை லாபத்தில் விலைவாசி உயர்வுக்காகத் தந்துவந்த கழிவை எடுத்தார்கள். எழுந்த கூச்சலில் இரண்டே வாரத்தில், பழைய சொத்துகளுக்கு எந்த முறை லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். 2025 பிப்ரவரி 1 அன்று, டெல்லி வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு அரசு விட்டுக்கொடுத்தது சுமார் 1 லட்சம் கோடி.

‘அவனுக்கு மட்டும் ஏன் குறைவு?’ என்று தொடங்கிய கேள்வி, ‘எனக்கும் குறை’ என்பதாக முடிந்தது. 22ஐ மீண்டும் 30 ஆக்கு என்று யாரும் தெருவில் கேட்கவில்லை. பெரிய கட்சிகளுக்கும் அதைத் தொடப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 தேர்தல் நடுவே காங்கிரஸின் அயலகப் பிரிவுத் தலைவராக இருந்த சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசுரிமை வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்போக, அதை வைத்தே காங்கிரஸை வறுத்தெடுத்தார்கள். கட்சி அவசர அவசரமாக அது அவருடைய சொந்தக் கருத்து என்று விலகிக்கொண்டது. வரி கட்டும் அளவுக்குச் சொத்தே இல்லாதவர்களிடம்தான் அந்தப் பயம் அதிகம் விற்பனையானது. இரண்டு தரப்புக்கும் வரி குறைந்த பிறகு மிச்சச் சுமை எங்கே போகும் என்பதற்குப் பெட்ரோல் பங்க்கிலும் மளிகைக்கடை ரசீதிலும் பதில் இருக்கிறது.

பட்ஜெட் கட்டுகளில் ஒரு பின்னிணைப்பு உண்டு. 2006-07இலிருந்து அரசே வெளியிடுகிறது. எந்தச் சலுகையால் எவ்வளவு வரி வராமல் போனது என்ற கணக்கு. ஆரம்பத்தில் அதன் பெயரே ‘கைவிடப்பட்ட வருவாய்’. ஆண்டு லாபம் 1 கோடிக்கும் குறைவான கம்பெனிகள் தங்கள் லாபத்தில் கட்டிய வரி விகிதம், 500 கோடிக்கு மேல் லாபம் பார்த்தவை கட்டியதைவிட அதிகம் என்பது இந்த அட்டவணையிலிருந்துதான் வெளியே தெரிந்தது. சலுகைகளை விட்டுவிட்டு 22 சதவீதத்துக்கு வா என்ற நிபந்தனை பிறக்க, ஊர்வலங்களைவிட இந்த ஒரு அட்டவணை அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். இடதுசாரிகளும் பத்திரிகையாளர்களும் ஆண்டுதோறும் அந்தத் தலைப்பை மேற்கோள் காட்டி, இவ்வளவு லட்சம் கோடியைப் பணக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு ரேஷனுக்குக் காசில்லை என்கிறீர்களா என்று கேட்டார்கள். அட்டவணை தொடர்ந்தது. தலைப்பை மட்டும் ‘வரிச் சலுகைகளின் வருவாய்த் தாக்கம்’ என்று மாற்றிவிட்டார்கள்.